மன்றச் சுவரில் பரமேஸ்வரன் படம்: வரையலாமா, கூடாதா?

பட்டாளம் கேரம்

எல்லாருக்கும் வணக்கம். பெரம்பூர் பேரக்ஸ் ரோட்டுக்குப் பின்னால் எங்கள் மன்றம். கேரம், கொஞ்சம் ஃபுட்பால், வருஷத்துக்கு ஒருமுறை ரத்ததானம். பக்கச் சுவரில் இத்தனை நாள் கட்சி விளம்பரம்தான் இருந்தது. இப்போது வெள்ளையடித்துவிட்டோம். ஜனவரி 26க்குள் அதில் நான்கு தமிழ் ராணுவ வீரர்களின் முகங்களை வரைந்து, கீழே என்ன விருது, எதற்காக என்று இரண்டு வரி எழுதுவதாகப் பேச்சு.

மேஜர் முகுந்த் வரதராஜன், மேஜர் சரவணன், சீன எல்லையில் கல்வானில் இறந்த ஹவில்தார் பழனி. இந்த மூன்று பேருக்கும் கூட்டத்தில் எல்லாரும் கை தூக்கினார்கள். நான்காவதாக மேஜர் ராமசாமி பரமேஸ்வரன் என்றதும் சண்டை ஆரம்பித்துவிட்டது. பரம்வீர் சக்ரா வாங்கியவரை விட்டுவிட்டு என்ன வீரர் சுவர் என்று ஒரு பக்கம். இலங்கைக்கு அனுப்பிய இந்திய அமைதிப்படை, அதாவது ஐபிகேஎஃப்பில் போனவரை இந்தத் தெருவில் வரைந்தால் நானே தார் பூசுவேன் என்று இன்னொரு பக்கம். தார் பூசுவேன் என்றவர் எங்கள் பொருளாளர். பெயின்ட் காசு அவர் கையில்தான் இருக்கிறது.

விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். பரமேஸ்வரன் உண்மையில் என்ன செய்தார்? இந்த மெடல்களில் எது பெரியது, எது சின்னது? பெயின்டர் ரிப்பன் கலர் வேறு கேட்கிறார்.

மூலக்கடை டீ

பொருளாளரை மாத்திட்டா பாதிப் பிரச்சினை முடிஞ்சிது தல. மீதிப் பாதிக்கு இழை ஓடட்டும்.

நூலகத்து மூலை

பரமேஸ்வரன் 1946 செப்டம்பர் 13 அன்று பம்பாயில் பிறந்தவர். 1972இல் நம் பரங்கிமலையில் பயிற்சி முடித்து அதிகாரியானார். ராணுவ அதிகாரிகள் பயிற்சி மையம் அது, அப்போது அதை ஓடிஎஸ் என்பார்கள், இப்போது ஓடிஏ. அங்கே பயிற்சி முடிப்பவர்கள் அணிவகுக்கும் மைதானத்துக்கு இன்று அவர் பெயர்தான்.

அவர் சேர்ந்தது மகார் ரெஜிமென்ட். வியாசர்பாடி, புளியந்தோப்புப் பக்கம் இருப்பவர்களுக்கு இதைச் சொல்லியே ஆக வேண்டும். 1892இல் வெள்ளைக்காரன் மகார்களைப் படையில் எடுப்பதை நிறுத்தினான். சுபேதார் மகனான அம்பேத்கர் விடாமல் கேட்டுக்கொண்டே இருந்தார். 1941இல் அந்தப் பெயரிலேயே ரெஜிமென்ட் எழுந்தது. அதில் பரம்வீர் சக்ரா வாங்கிய ஒரே ஆள் பரமேஸ்வரன்.

சம்பவம் நடந்தது 1987 நவம்பர் 25, இரவு நேரம், யாழ்ப்பாணத்தில் கந்தரோடை பக்கம். ஆயுதம் தேடப் போய்த் திரும்பிய அவருடைய அணியை மறைந்திருந்தவர்கள் சுட்டார்கள். இவர் பதறாமல் எதிராளிகளைப் பின்பக்கமாகச் சுற்றிவளைத்து நேராக உள்ளே பாய்ந்தார். கைகலப்பில் ஒருவர் இவர் மார்பில் சுட்டுவிட்டார். குண்டு வாங்கிய பிறகும் அந்த ஆளின் துப்பாக்கியைப் பிடுங்கி அவரையே சுட்டு வீழ்த்தினார். அதன் பிறகும் உயிர் போகிற வரை தன் ஆட்களுக்கு உத்தரவு கொடுத்துக்கொண்டே இருந்தார். எதிர்த்தரப்பில் ஐந்து பேர் இறந்தார்கள், மூன்று துப்பாக்கிகளும் இரண்டு ராக்கெட் லாஞ்சர்களும் பிடிபட்டன. அரசாங்கம் விருதோடு வெளியிட்ட குறிப்பில் இருப்பது இதுதான். அவருக்கு அப்போது 41 வயது.

1947இலிருந்து இதுவரை 21 பேருக்குத்தான் பரம்வீர் சக்ரா. அதில் 14 பேர் அதை வாங்க உயிரோடு இல்லை.

ராயபுரம் ரயிலடி

பொருளாளர் கோபம் எங்கிருந்து வருகிறது என்று இளவட்டத்துக்குத் தெரியாது. நான் சொல்கிறேன்.

1990 மார்ச் 24இல் அமைதிப்படையின் கடைசி ஆட்கள் திருகோணமலையை விட்டுக் கிளம்பினார்கள். கப்பல் வந்தது நம் ஹார்பருக்கு. அப்போது எனக்கு ஹார்பரில் காண்ட்ராக்ட் வேலை. முதலமைச்சர் கருணாநிதி வரவேற்கப் போகவில்லை. தமிழர்களைக் கொன்றதாகக் குற்றச்சாட்டு இருக்கும் படையை நான் எப்படி வரவேற்பது என்பது அவர் தரப்பு. டெல்லி பத்திரிகைகள் கிழித்துத் தொங்கவிட்டன. இங்கே நிறைய பேர் சரிதான் என்றார்கள்.

கேட்டுக்கு வெளியே டீ குடிக்க வந்த சிப்பாய்களைப் பார்த்திருக்கிறேன். கன்னம் ஒட்டிப்போய், ஷூவில் இன்னும் அந்த ஊர்ச் செம்மண். வரிசையாக நின்று டீ கேட்டார்கள். ஒரு கடைக்காரர் காசு வேண்டாம் என்றார். பக்கத்துக் கடைக்காரர் வழக்கமான காசை வாங்கிப் போட்டுக்கொண்டார், ஒரு பேச்சு பேசவில்லை. இரண்டு பேரும் ஒரே ஊர்க்காரர்கள், சம்பந்திகள் வேறு. அதன் பிறகு அவர்களுக்குள் ரொம்ப நாள் இதே சண்டைதான்.

அதனால் தம்பி, உங்கள் கூட்டத்தில் நடந்தது புதுசு இல்லை.

எம்இஜி தம்பி

ராணுவப் பொறியியல் பிரிவான மெட்ராஸ் சாப்பர்ஸில் இருந்து ஓய்வு. பென்ஷன் வாங்கிக்கொண்டு ஓட்டேரியில் உட்கார்ந்திருக்கிறேன். மெடல் விஷயம் கேட்டதால் எழுதுகிறேன்.

இரண்டு வரிசை இருக்கிறது. எதிரியை நேருக்கு நேர் சந்தித்துச் செய்த வீரத்துக்குப் பரம்வீர் சக்ரா, மகாவீர் சக்ரா, வீர் சக்ரா. அப்படி அல்லாத இடத்தில் செய்த வீரத்துக்கு அசோக சக்ரா, கீர்த்தி சக்ரா, சௌர்ய சக்ரா. முதல் வரிசை 1950 ஜனவரி 26 அன்று வந்தது, ஆனால் 1947 ஆகஸ்ட் 15 முதல் செல்லும் என்று வைத்தார்கள். இரண்டாவது வரிசை 1952இல் வந்தது. முதலில் அசோக சக்ரா ஒன்றாம் வகுப்பு, இரண்டாம் வகுப்பு, மூன்றாம் வகுப்பு என்று ரயில் டிக்கெட் மாதிரி இருந்தது. 1967இல் தனித்தனிப் பெயர் வைத்தார்கள்.

மரியாதை வரிசையில் இரண்டும் மாறி மாறி வரும். பரம்வீர், அசோகா, மகாவீர், கீர்த்தி, வீர், சௌர்யா. இதற்கும் கீழே சேனா மெடல்.

கொருக்குப்பேட்டை கேட்

அண்ணே ஒரு சந்தேகம். முகுந்த் வரதராஜன் தீவிரவாதியோட நேருக்கு நேர்தானே சண்டை போட்டார்? அவருக்கு ஏன் அசோக சக்ரா, பரம்வீர் இல்லை? அமரன் சினிமா பார்த்ததிலிருந்து எங்கள் வீட்டில் இதே கேள்வி.

எம்இஜி தம்பி

நல்ல கேள்வி. முகுந்த் சண்டை போட்டது 2014 ஏப்ரல் 25, காஷ்மீரில் ஷோபியான் மாவட்டம், 44 ராஷ்ட்ரிய ரைஃபிள்ஸ். அது நம் நாட்டுக்குள் நடக்கும் தீவிரவாத எதிர்ப்பு நடவடிக்கை. அதைப் போர்க்களம் என்று அரசாங்கம் வைப்பதில்லை. அதனால் இரண்டாவது வரிசை. அதில் அசோகாதான் உச்சம், தாய் தகப்பன் தலை நிமிர்ந்து சொல்லிக்கொள்ளலாம்.

சரவணன் விஷயம் வேறு. 1999 மே கடைசி, கார்கில் சண்டை, பட்டாலிக் செக்டர், 1 பீகார் பட்டாலியன். அது போர். அதனால் வீர் சக்ரா. திருச்சிக்காரர். மே 29 அன்று மலை மேல் இறந்தார், உடலைக் கீழே கொண்டுவர ஜூலை ஆகிவிட்டது. நடுவில் எடுக்கப் போன ஆட்களையும் மேலே இருந்து சுட்டுக்கொண்டே இருந்தார்கள்.

பழனி அண்ணன் இராமநாதபுரம் மாவட்டம் கடுக்கலூர். பீரங்கிப் படை, 81 ஃபீல்ட் ரெஜிமென்ட். 2020 ஜூன் 15 ராத்திரி கல்வானில் ஒரு குண்டு கூட வெடிக்கவில்லை. கல், கம்பி, ஆணி அடித்த தடி. இருந்தாலும் எதிரே நின்றது இன்னொரு நாட்டு ராணுவம். அதனால் அதையும் முதல் வரிசையில்தான் வைத்தார்கள். கர்னல் சந்தோஷ் பாபுவுக்கு மகாவீர், பழனிக்கு வீர் சக்ரா.

துப்பாக்கி வெடித்ததா என்பது கணக்கில் வராது, எதிரே யார் என்பதுதான்.

மின்ட் பஸ் ஸ்டாண்ட்

இதில் யோசிக்க என்ன இருக்கிறது? நாட்டுக்காக உயிரைக் கொடுத்தவர். அவர் படத்தை வரையக் கூடாது என்பவன் எந்த நாட்டில் சோறு தின்கிறான்? பரமேஸ்வரன் படத்தை மற்ற மூன்றையும் விடப் பெரிதாக வரையுங்கள். எதிர்ப்பவன் வந்து பேசட்டும்.

மூலக்கடை டீ

அண்ணாத்த, அந்தச் சுவர் மொத்தமே பதினெட்டு அடி.

காவாங்கரை

நான் யாழ்ப்பாணம். இப்ப புழல் காவாங்கரை முகாமில் இருக்கிறேன். எழுதுவமோ விடுவமோ என்று யோசித்தபடி இந்த இழையை வாசித்துக்கொண்டிருந்தேன். மேலே ஒருவர் சோற்றைப் பற்றிக் கதைத்ததால் எழுதுகிறேன்.

1987 ஒக்டோபர் 21. அன்று தீபாவளி. யாழ் பெரியாஸ்பத்திரிக்குள் இந்திய ஆமி புகுந்தது. நோயாளிகள், டொக்டர்மார், தாதிமார் என்று அறுபது பேருக்கு மேல் செத்தார்கள். நான் கண்ணால் கண்டவள் இல்லை, ஆனால் எங்கட ஊரில் தீபாவளி வந்தால் அதைக் கதைக்காத வீடு குறைவு. அந்த வருசம் ஜூலை 29 இந்திய-இலங்கை ஒப்பந்தம் முடிந்து வந்தபோது அதே ஆமிக்கு ரோட்டோரம் நின்று மாலை போட்டதும் எங்கட சனம்தான். இரண்டுக்கும் நடுவில் மூன்று மாதம் கூட இல்லை.

உங்கட மேஜர் செத்தது அதற்கு ஒரு மாதம் கழித்து. கந்தரோடை எனக்குத் தெரியும். பனங்காணியும் பழைய சின்னச் சின்னத் தூபிகளும் இருக்கிற இடம். அந்த மனிதர் துணிந்தவர் என்பதில் எனக்கு ஒரு மறுப்பும் இல்லை. மார்பில் வெடி வாங்கிக்கொண்டு பிடுங்கிச் சுடுகிறவனை ஊரில் எந்தப் பக்கத்துப் பெடியளும் மதிப்பான்கள். ஆனால் படத்தில் அவர் சுடுகிற மாதிரியும் எதிரே யாரோ விழுகிற மாதிரியும் வரைந்தால், விழுகிறவன் எங்கட ஒழுங்கையில் திரிந்த பெடியனாக இருப்பான். அதைத்தான் பார்க்க ஏலாது. இந்த முகாமில் இருந்து உங்கட பக்கம் வேலைக்கு வருகிற ஆட்கள் கனபேர். அந்தச் சுவரைத் தாண்டித்தான் போக வேணும்.

மின்ட் பஸ் ஸ்டாண்ட்

அந்தப் பக்கம் நம் ஆட்களும் செத்தார்கள் அம்மா. 1987 அக்டோபரில் யாழ் பல்கலைக்கழக மைதானத்தில் ஹெலிகாப்டரில் இறக்கிவிட்ட சீக்கியப் படைப்பிரிவில் 29 பேர் செத்து ஒருவர்தான் பிடிபட்டு உயிரோடு மிஞ்சினார். மொத்தமாகச் சுமார் 1,200 பேர். அதையும் சேர்த்துப் பேசுங்கள்.

காவாங்கரை

சேர்த்துத்தான் கதைக்கிறேன். அந்த இருபத்தொன்பது பேரையும் அங்கே இறக்கிவிட்டது நாங்கள் இல்லையே.

ராயபுரம் ரயிலடி

இந்தப் பதிலுக்கு மேல் எனக்குச் சொல்ல ஒன்றும் இல்லை. ஒரு தகவல் மட்டும். அந்த 1,200 பேர் பெயர்களோடு கொழும்புப் பக்கத்தில் நாடாளுமன்றம் அருகே நினைவுச் சின்னம் இருக்கிறது. 2015இல் பிரதமர் மோடி அங்கே போய் மலர் வைத்தார். போகச் சொன்ன நாடு, சண்டை நடந்த நாடு, இரண்டும் மரியாதை செய்தாகிவிட்டது. நடுவில் இருக்கிற நாம்தான் இன்னும் ஒரு சுவருக்குச் சண்டை போடுகிறோம். அது தப்பு என்று சொல்ல மாட்டேன். அவர்களுக்கு அது மலர்வளையத்தோடு முடிகிற விஷயம். நமக்கு அந்தப் பக்கம் சொந்தம் இருக்கிறது.

எம்இஜி தம்பி

மெடல் பற்றி எல்லாரும் பேசுகிறீர்கள். அது எப்படிக் கிடைக்கிறது என்பதையும் சொல்கிறேன். சைட்டேஷன் என்று ஒரு காகிதம். சண்டை முடிந்ததும் கமாண்டிங் ஆபீசர் எழுத வேண்டும். எந்த இடம், என்ன நேரம், எதிரி எவ்வளவு தூரம், இவன் என்ன செய்தான், செய்யாமல் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும், பார்த்தது யார். அது பிரிகேட், டிவிஷன், கோர், கமாண்ட் என்று ஏறி டெல்லி போய், மந்திரி ஆபீஸ் கமிட்டி தாண்டி ஜனாதிபதி கையெழுத்துக்குப் போகும். ஏறும்போது ஒரு படி குறைந்து போவதும் உண்டு. பிறகு ஜனவரி 26, இல்லை ஆகஸ்ட் 15 அறிவிப்பு.

இதில் உயிர்நாடி அந்த ‘பார்த்தது யார்’தான். கூட இருந்தவன் உயிரோடு திரும்ப வேண்டும். திரும்பினவனுக்குக் கோர்வையாகச் சொல்லத் தெரிய வேண்டும். எழுதுகிற ஆபீசருக்குக் கை ஓட வேண்டும். பரமேஸ்வரன் துப்பாக்கியைப் பிடுங்கியதை அவர் ஆட்கள் பார்த்தார்கள், வந்து சொன்னார்கள். அவரைச் சுற்றி ஆள் இல்லாமல் அதே காரியம் நடந்திருந்தால் வெறும் காலமானார் லிஸ்ட்தான்.

எங்கள் சாப்பர் வேலையில் இது ரொம்ப. கண்ணிவெடி எடுக்கிறவன் ராத்திரியில் குப்புறப் படுத்துக்கொண்டு, பிராடர் கம்பியை முப்பது டிகிரி சாய்வில் மண்ணில் மெதுவாகக் குத்திக் குத்திப் போவான். நேராகக் குத்தினால் வெடியின் மேல்தட்டில் படும், அப்புறம் கை இருக்காது. சாய்த்துக் குத்தினால் பக்கவாட்டில் தட்டும். கம்பியில் தட்டுவது கல்லா தகரமா என்று விரல் சொல்ல வேண்டும். பக்கத்தில் யாரும் இருக்கக் கூடாது என்பதே ரூல். பார்த்தது யார் என்று எழுதுவதற்கு எங்கே போவது?

ஒரு சம்பவம். மழைக்காலம், வடகிழக்கில் ஒரு ஆற்றில் வண்டி சிக்கிக்கொண்டது, உள்ளே மூன்று பேர். தர்மபுரிப் பையன் ஒருத்தன் இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு குதித்தான். மூன்று பேரையும் ஒருவர் பின் ஒருவராகக் கொண்டுவந்தான். கடைசி ஆளை இழுத்தபோது அவன் தோள் மூட்டு கழன்றுவிட்டது. ஆபீசர் யாரும் பக்கத்தில் இல்லை. சுபேதார் சாப் எழுதிக் கொடுத்தார், மேலே எங்கோ நின்றுவிட்டது. பையனுக்குக் கிடைத்தது பதினைந்து நாள் லீவு. அவனுக்கு அதில் மகா சந்தோஷம், தங்கச்சி கல்யாணத்துக்கு லீவு கேட்டுக் கிடைக்காமல் இருந்தான்.

அதனால் மெடல் இருக்கிறவனை மதியுங்கள், ஆனால் மெடல் இல்லாதவனை அளக்க அதை எடுக்காதீர்கள். சுவரில் ஐந்தாவதாக ஒருவர் பெயரைச் சொல்கிறேன். சுபேதார் சுப்பிரமணியன், எங்கள் மெட்ராஸ் சாப்பர். காஞ்சிபுரம் பக்கம் கீழ் ஒட்டிவாக்கம். 1944 பிப்ரவரி 24, இத்தாலியில் மிக்னானோ என்ற இடம், இரண்டாம் உலகப்போர். கண்ணிவெடி அகற்றும் இடத்தில் கூட இருந்தவர்களைக் காப்பாற்ற வெடியின் மேலேயே விழுந்து தன் உடம்பால் மூடிக்கொண்டார். மற்றவர்கள் பிழைத்தார்கள். அவர் இறந்த பிறகு பிரிட்டிஷ் வீர விருதான ஜார்ஜ் கிராஸ் கொடுத்தார்கள். அவர் யாரையும் சுடவில்லை. பொருளாளருக்கும் ஆட்சேபம் இருக்காது என்று நினைக்கிறேன்.

நூலகத்து மூலை

சுப்பிரமணியன் பெயருக்கு என் ஓட்டும். இன்னொன்றும் இதோடு சேர்த்துப் பார்க்கலாம். தென்னாட்டுக்காரன் சண்டைக்கு லாயக்கில்லை என்று ஒரு கொள்கையே வைத்திருந்தார்கள். அதைப் பரப்பியவர்களில் முக்கியமானவர் ராபர்ட்ஸ் துரை, மெட்ராஸ் படைக்கே தளபதியாக இருந்தவர். பட்டாலியன் பட்டாலியனாகக் கலைத்தார்கள். மெட்ராஸ் பயனியர்ஸ் 1933இல் போனது. அதில் இருந்தவர்கள் பெரும்பாலும் ஒடுக்கப்பட்ட சாதிக்காரர்கள், பட்டாளச் சம்பளமும் பென்ஷனும்தான் அவர்களுக்கு ஊர்க் கட்டிலிருந்து வெளியே வர வழி. உலகப்போர் முற்றியதும் 1941இல் மெட்ராஸ் ரெஜிமென்ட்டை மறுபடி எழுப்பினார்கள். லாயக்கில்லாதவர்கள் மூன்று வருஷத்தில் இத்தாலி வரை போய்விட்டார்கள்!

தண்டையார்பேட்டை அக்கா

ஆம்பளைங்க எல்லாரும் மெடல் நிறத்தையே பேசுறீங்க. அந்த வீட்டில் என்ன நடக்கிறது என்று யாரும் கேட்கவில்லை.

மெடலோடு மாதப் பணம் உண்டு. 2017இல் இரட்டிப்பாக்கியபோது பரம்வீருக்கு மாதம் 20,000 ரூபாய், அசோகாவுக்கு 12,000, மகாவீருக்கு 10,000, கீர்த்திக்கு 9,000, வீர் சக்ராவுக்கு 7,000, சௌர்யாவுக்கு 6,000, சேனா மெடலுக்கு 2,000. இது பென்ஷனுக்கு மேலே. பெரிய பணம் இல்லை, ஆனால் மாதா மாதம் வரும்.

இதில் ஒரு கூத்து. இறந்துபோனவரின் மனைவி மறுமணம் செய்துகொண்டால் இந்தப் பணம் நின்றுவிடும் என்று ரொம்ப காலம் விதி இருந்தது. ஒரே விலக்கு, புருஷனின் தம்பியையோ அண்ணனையோ கட்டிக்கொண்டால் தொடரும்! சட்டம் போட்டவர்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து பஞ்சாயத்து பேசியிருக்கிறார்கள். 2017 நவம்பரில்தான் அந்த நிபந்தனையை எடுத்தார்கள். இருபத்தைந்து வயதில் தாலி இழந்து மேடையில் நின்று மெடல் வாங்கிய எத்தனை பெண்கள் அந்த விதியைப் பார்த்துப் பயந்து தனியாகவே இருந்திருப்பார்கள்?

பழனி குடும்பத்துக்குத் தமிழக அரசு 20 லட்சமும் ஒருவருக்கு வேலையும் அறிவித்தது. அது நல்லது. சுவரில் வீரர் பெயரை எழுதும்போது அவர் வீட்டாருக்கு ஒரு கடிதம் போட்டுக் கேளுங்கள். அந்த முகம் அவர்கள் வீட்டு முகம்.

கல்லெழுத்து

நம் ஊரில் வீரனுக்கு மெடல் கொடுக்கும் வழக்கத்துக்கு முன்னாலேயே கல் நடும் வழக்கம் இருந்தது. செங்கம் பக்கத்து நடுகல்லெல்லாம் சைட்டேஷன்தான். எந்த ராஜாவின் எத்தனையாவது ஆண்டு, யாருடைய சேவகன், எதற்காகப் பட்டான். எடுத்தனூரில் ஒரு கல், முதலாம் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டு. கருந்தேவக்கத்தி என்பவன் எருமைகளைக் காக்கப் போய்ச் செத்தான். அவனோடு நாயையும் செதுக்கி, கோவிவன் என்ற அந்த நாய் இரண்டு கள்ளர்களைக் கடித்துக் காத்து நின்றதையும் எழுதி வைத்திருக்கிறார்கள். பட்டாளத்து மொழியில் சொன்னால் நாய்க்கும் மெடல்.

நான் சொல்ல வந்தது வேறு. மாடு கவரப் போய் இறந்தவனுக்கும் கல் உண்டு, மீட்கப் போய் இறந்தவனுக்கும் கல் உண்டு. தொறு கொண்டு பட்டான், தொறு மீட்டுப் பட்டான். தொறு என்றால் மாட்டு மந்தை, பட்டான் என்றால் இறந்தான். மந்தை யாருடையது, வழக்கு யார் பக்கம் நியாயம் என்று கல் பேசாது. அந்த ஆள் அந்த இடத்தில் ஓடாமல் நின்றான் என்பதை மட்டும் சொல்லும். பரமேஸ்வரனுக்கும் அவ்வளவு போதும் என்று எனக்குப் படுகிறது.

காவாங்கரை

வாசிக்க நல்லாயிருக்கு அண்ணா. ஆனால் மாடு வேறு, ஆஸ்பத்திரி வேறு. அந்தக் காலத்தில் மாடு போன ஊர்க்காரன் தன் ஊரில் தன் ஆளுக்குக் கல் நட்டான். கவர்ந்தவனுக்குக் கல் கவர்ந்தவன் ஊரில். எங்கட ஆட்கள் இருப்பது இரண்டு கல்லுக்கும் நடுவில். அதை மட்டும் நினைவில் வைத்து எழுதுங்கோ.

கல்லெழுத்து

ஏற்றுக்கொள்ள வேண்டிய பேச்சு. பதில் என்னிடம் இல்லை.

மின்ட் பஸ் ஸ்டாண்ட்

முகம் மட்டும் போதும் என்றால் எனக்கும் சரிதான். துப்பாக்கி வேண்டாம். ஆனால் பரம்வீர் சக்ரா என்று எழுத வேண்டும், யாழ்ப்பாணம் என்றும் எழுத வேண்டும். இடத்தை மறைத்துவிட்டு வீரத்தை மட்டும் எழுதினால் அது அவருக்கும் அவமானம்.

பட்டாளம் கேரம்

எல்லாருக்கும் நன்றி. நேற்று ராத்திரி கேரம் போர்டைச் சுற்றி உட்கார்ந்து இந்த இழையைப் போனில் வாசித்துக் காட்டினேன். பொருளாளரும் இருந்தார். காவாங்கரை அக்கா எழுதியதை மட்டும் இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னார்.

முடிவு இப்படி. ஐந்து முகங்கள், ஐந்தும் ஒரே அளவு, யார் கையிலும் ஆயுதம் கிடையாது. சுபேதார் சுப்பிரமணியன் முதலில், வருஷ வரிசைப்படி. பரமேஸ்வரனுக்குக் கீழே தேதி, கந்தரோடை, மார்பில் குண்டு வாங்கிய பிறகும் தன் ஆட்களை விட்டு நகராமல் இறந்தார் என்று எழுதுகிறோம். எதிர்த்தரப்பைப் பற்றி எந்தப் பட்டமும் இல்லை. ஆஸ்பத்திரி விஷயத்தையும் சுவரில் எழுத வேண்டும் என்று பொருளாளர் சொன்னார். ஓட்டில் தோற்றார். காசைக் கொடுத்துவிட்டார், ஆனால் திறப்பு விழாவுக்கு வரமாட்டாராம். எங்களுக்கும் அதை மாற்ற வழி தெரியவில்லை. வீட்டாருக்குக் கடிதம் போடும் யோசனை நல்ல யோசனை, எம்இஜி அண்ணன் முன்னாள் படைவீரர் நல அலுவலகம் மூலமாகக் கேட்டுச் சொல்வதாக ஒத்துக்கொண்டார்.

பெயின்டர் இப்போது ரிப்பன் கலர் கேட்டு உயிரை எடுக்கிறார். போனில் தேடினால் ஒவ்வொரு படத்திலும் ஒவ்வொரு கலர்.

எம்இஜி தம்பி

எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். பரம்வீர் சக்ரா ரிப்பன் முழுக்க ஊதா, கோடு எதுவும் கிடையாது. அசோக சக்ரா பச்சை, நடுவில் ஒரே ஒரு காவிக் கோடு. இரண்டு கோடு போட்டால் கீர்த்தி, மூன்று போட்டால் சௌர்யா, ஆகவே எண்ணிப் போடட்டும். வீர் சக்ரா பாதி கருநீலம், பாதி காவி. பாதி வெள்ளை, பாதி காவி போட்டால் அது மகாவீர் ஆகிவிடும், சரவணனுக்கும் பழனிக்கும் அது கூடாது. ஜார்ஜ் கிராஸ் கருநீல ரிப்பன், மெடல் வெள்ளிச் சிலுவை.

வீர் சக்ரா மெடல் வெள்ளி, ஐந்து முனை நட்சத்திரம். பரம்வீர் மெடல் வட்டம், நடுவில் சிங்க முத்திரை, சுற்றி நான்கு வஜ்ராயுதம். வரைந்து கொடுத்தவர் சாவித்திரி கானோல்கர், சுவிட்சர்லாந்தில் பிறந்து இங்கே ராணுவ அதிகாரியைக் கட்டிக்கொண்டவர்.

முக்கியமாக ஒன்று. பரம்வீர் வெண்கலம். பெரிய மெடல் ஆயிற்றே என்று பெயின்டர் கோல்டு அடித்துவிடுவார், பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்ளுங்கள்.

மூலக்கடை டீ

கோல்டு பெயின்டுக்கு ஏற்கனவே பில் போட்டுட்டாராம். பொருளாளரைக் கூப்பிடுங்க.